பூவம்மாள் பார்த்த படம்

அந்தப் படத்தை எடுத்தவன் மட்டும் அன்றைக்கு என் கையில் சிக்கியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"சம்பூர்ணம், படிப்பு ஏறாத பொண்ணு கதையாம். அப்டியே உன் பூவு மாதிரியே கீதாம். இட்டுக்கினு போய்க் காட்டு" என்று பக்கத்து வீட்டுக் குப்பாயிதான் உசுப்பேற்றிவிட்டாள்.

என் மகள் பூவம்மாள் அப்போது இன்னும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடச் சேர்ந்த பிள்ளைகளெல்லாம் நாலாவதுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு எழுதிய எழுத்து நாளைக்கு அவளுக்குப் புதிதாக இருக்கும். வாத்தியார் அவள் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் ஊர் ஊராய் அலைந்து மந்திரித்துக் கட்டிய கயிறுகள்தான் அவள் கையில் ஏறிக்கொண்டே போயின. நமக்குப் பிறகு இவள் என்ன ஆவாள் என்று எந்நேரமும் எனக்கு அதே நினைப்புதான்.

காக்களூர் டென்ட் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். படத்தில் அந்தப் பெண்ணும் பூவு மாதிரியே திருதிருவென்று விழித்தாள். கடைசியில் பங்களா மாடிப்படியில் உருண்டு விழுந்து மண்டையில் அடிபட்டது. கண் திறந்தவள் புத்தகத்தை எடுத்துக் கடகடவென்று படித்தாள். கொட்டகையே கைதட்டியது. நானும் தட்டினேன், தேம்பித் தேம்பி அழுதேன். பூவு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் புதிதாக எழும்பிய கம்பெனிக் கட்டடத்தில் நான் சித்தாள். "கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம் போவுதே, இன்னாம்மா ஆச்சு?" என்று ஆசீர்வாதம் மேஸ்திரிகூடக் கேட்டார். அந்தப் படம்தான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே அண்ணாந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பூவு, கைப்பிடி கட்டாத மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் மாடிப்படி என்று இருந்தது அது ஒன்றுதான். கீழே கருங்கல் ஜல்லி குவித்திருந்தது.

"ஏய் பூவு, எறங்கி வா."

"மாட்டேன். இங்கேந்து உருண்டா எனக்குப் படிப்பு வந்துடும்."

"அது படம்டி. பொய்யி."

"பொய்யினா நீ எதுக்கு அழுத? எதுக்குக் கை தட்டின?"

மேஸ்திரி படியில் கால் வைத்ததும் அவள் விளிம்புக்கு நகர்ந்தாள். அவரைக் கையமர்த்தினேன். அப்புறம் என்ன தோன்றியதோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

"வராதம்மா."

"உன்னப் புடிக்க வரல. எனக்கும்தான் எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வெச்சுக்கினு கீறேன். நானும் உருள்றேன், நகரு."

சொல்லும்போது எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை. அவளைத் தாண்டி விளிம்பில் போய் நின்றேன். பூவு பாய்ந்து வந்து என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"வாணாம்மா. கீழ கல்லு கீது, மண்ட ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சாத்தான் படிப்பு வரும்."

"உனக்குப் படிப்பு வாணாம். நீ இப்டியே இரும்மா. எனக்கு அது போதும்."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வார்த்தையை ஒரு நாளாவது நான் அவளிடம் சொல்லியிருப்பேனா, பாவி. அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையிலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"நீயும் இப்டியே இருடி" என்றேன். "எனக்கும் போதும்."