மூணாவது விடை

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை அவள் இரண்டு முறை எழுதியும் மதிப்பெண் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பயிற்சி மையத்து மாஸ்டரோ தொப்பையைத் தடவிக்கொண்டு அதே பல்லவியைத்தான் பாடினார்.

"கேள்வியை முழுசாப் படிச்சு நேரத்தை வீணாக்காதீங்கம்மா. தெரியலைன்னா மூணாவது விடையைத் தட்டிட்டுப் போயிட்டே இருங்க."

"அது ஏன் சார் மூணாவது?"

"ஏன், எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு மதிப்பெண் ஏறவே ஏறாது."

வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. சாதாரண சதவீதக் கணக்கைக்கூட அந்த மனிதர் மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்த்துப் போடுவதை அவள் கண்டிருக்கிறாள். இந்த ஆளிடமா வந்து மாட்டினோம் என்று அன்றோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டாள். தான் வேலை பார்த்த அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, தப்பாய்ப் போட்ட கணக்குகளை மட்டும் எடுத்து, எங்கே சறுக்கினோம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டினாள். அடுத்த தேர்வில் மதிப்பெண் எகிறியது.

மறுவாரமே மையத்து வாசலில் அவள் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி மாஸ்டர் கூப்பிட்டார். அவர் மானத்தை வாங்கவென்றே அவள் போனாள்.

"இவர் சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்ட பிறகுதான் எனக்கு மதிப்பெண் ஏறிச்சு" என்று மைக்கில் சொன்னாள்.

முதல் ஆளாகக் கைதட்டியவர் மாஸ்டர்தான்.

"பாத்தீங்களா, என்ன ஒரு தன்னம்பிக்கை! இதைத்தான் நாம இங்க சொல்லிக் குடுக்கிறோம்."

பிள்ளைகள் அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். காறித் துப்பாத குறையாக அவள் படியிறங்கினாள்.