இருந்தவரைக்கும் தண்டனை

“‘ஆமா, எடுத்தேன்’னு ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லுங்கோ. உங்க வீட்டுக்காரர் நாளைக்கே வெளியே வந்துடுவார்” என்றார் வக்கீல் ஷ்யாமளா.

கோர்ட்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். வக்கீல் வைக்க வழியில்லாத எங்களுக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் அவர். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த மாட்டுங்காக்காரர், கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவர் கன்னத்தில் ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

“எடுக்காத மனுசன் எதுக்குங்கேன் எடுத்தேன்னு சொல்லணும்?”

“சொல்லலைன்னா கேஸ் நடக்கணும். சாட்சி விசாரணையே இன்னும் ஆரம்பிக்கலை. முடிய எத்தனை வருஷமோ! ஒத்துண்டா, இதுவரைக்கும் உள்ளே இருந்ததையே தண்டனைன்னு எழுதி விட்டுடுவா.”

நன்றாக இருக்கிறது நியாயம்! என் வீட்டுக்காரர் வேல்ராஜ், தாராவியில் பிச்சையா அண்ணாச்சியின் பை பட்டறையில் தோல் வெட்டுகிறவர். ஒருநாள் காலையில் பட்டறையில் இருந்த தோல் கட்டுகளைக் காணவில்லை. சாவி ஒன்று இவரிடமும் இருந்தது. அது போதாதா? போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. ஜாமீன் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கொடுத்தார்கள். சொந்த வீட்டுக்குப் பேப்பர் வைத்திருக்கிற ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் சந்தில் வீட்டுக்குப் பேப்பர் வைத்திருக்கிறவனை நான் எந்தச் சாமியிடம் போய்க் கேட்பேன்? மூன்று தீபாவளி போய்விட்டது.

இதற்கிடையில், தோலைக் கொண்டுபோய் விற்றவன் அண்ணாச்சியின் மச்சினன் சுரேந்திரன்தான் என்பது சந்து முழுக்கத் தெரிந்துபோனது. குடித்துவிட்டு அவனே உளறினான். அண்ணாச்சி போலீஸில் போய் ஒரு வார்த்தை சொன்னாரா? மூச்சு விடவில்லை. வக்கீலிடம் நான் சொன்னேன். குடிகாரன் பேச்சுக்கு யாரும் வந்து சாட்சி சொல்ல மாட்டார்களே என்றார். அதுவும் உண்மைதான், சந்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறவர் அண்ணாச்சி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“தேசம் பூரா இப்படித்தாம்மா” என்றார் ஷ்யாமளா. “ஜெயில்ல முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராதவா. வருஷாவருஷம் கவர்மெண்ட் கணக்கு எடுக்கறது. தண்டனை ஆனவா எத்தனை பேர், என்ன குத்தம், எத்தனை வருஷம்னு. இப்படி அலுத்துப்போய் ஒத்துண்டவா எத்தனை பேருன்னு எந்தக் கணக்குலயும் நான் பார்த்ததில்லை.”

“அப்போ அந்தக் கணக்குல இவரும் ஒரு திருடன்.”

வக்கீல் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

நாசமாய்ப் போகிற கணக்கு! திருட்டு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். எவனோ ஒருவன் டிவியில் உட்கார்ந்துகொண்டு, நாட்டில் திருட்டு பெருத்துவிட்டது, தண்டனையைக் கூட்டு என்பான். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி தலையை ஆட்டுவாள். இவரை ஒத்துக்கொள்ள விடவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டைக்குள் ஆளே இல்லை. கை இரண்டிலும் சொறி. நிற்காமல் சொறிந்துகொண்டே இருந்தார். “குனா கபூல் ஹை?” என்று கேட்டார் ஜட்ஜ். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று.

அவர் ஜட்ஜைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லாதீய என்று கத்த வாயெடுத்தேன். அவர் முழங்கையில் ரத்தம் வந்துவிட்டிருந்தது. அது தெரியாமலே சொறிந்தார். பாவி நான், தலையை ஆட்டிவிட்டேன்.

“ஹான், சாப்” என்றார் அவர். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

டீ கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் குளித்து முடிக்கவில்லை, பிச்சையா அண்ணாச்சி பேடா டப்பாவோடு வாசலில் நின்றார். நான் கூப்பிடாமலே செருப்போடு உள்ளே வந்து, இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நடந்தது நடந்துபோச்சுடே வேலு. நம்ம ஊருப் பய நீ. தப்ப ஒத்துக்கிட்டேல்லா, அது போதும். நான் மன்னிச்சிட்டேன். திங்கக்கெழம வேலைக்கு வந்திரு.” ஒரு பேடாவை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார்.

நான் பேடா டப்பாவை அண்ணாச்சி பக்கமே தள்ளி வைத்தேன்.

“யார யாரு மன்னிக்கது அண்ணாச்சி? ஒங்க மச்சினன் சௌக்கியமா இருக்கானா?”

அண்ணாச்சிக்குக் கோபமே வரவில்லை. “என்னம்மா ஆறுமுகத்தாய், கோர்ட்டுல அவனே வாயால சொல்லிட்டான். பொறவு என்ன பேச்சு?” என்றார்.

இந்த ஆள் இனி எத்தனை காலத்துக்கும் எங்கே போனாலும் இதைச் சொல்லுவார். மச்சினனைக் காப்பாற்றிக் கொடுத்ததே என் தலையாட்டல்தான்.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எங்கள் மகள் ஷாலினி பென்சிலைக் கீழே வைத்தாள். அப்பா ஒன்றும் எடுக்கவில்லை என்று இத்தனை நாளும் பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளோடும் சண்டை போட்டவள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

“பப்பா, சச் மே சோரி கியா தா?” நிஜமாகவே திருடினாயா?

அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. கோர்ட்டில் பார்த்த மாதிரியே திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் என்னைத்தான் பார்த்தார். இந்தத் தடவை நான் தலையை அசைக்கவில்லை.

அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பேடா நசுங்கி, விரலிடுக்கு வழியாகப் பிதுங்கி, அண்ணாச்சியின் செருப்பின் மேல் விழுந்தது. ஷாலினி இன்னும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.