டெல்பின் உள்ளே இருக்கிறாள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து என் காதில் வந்து விழுந்தது. விழுந்த முதல் வரி இது:

"சார், நான் உள்ள இல்ல. ஓசூர் தாண்டிட்டேன்."

இதைவிட நல்ல தொடக்கம் இந்த வயதில் எனக்கு இனி வாய்க்காது. கதைகள் எனக்கு எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம், மரம், வானமெல்லாம் பிறகு தேடிப் போட்டுக்கொள்வேன். ஆனால் போன் பேச்சில் ஒரு தொல்லை. பாதிதான் கேட்கும். மறுபாதியை நானே எழுதிவிட்டேன். மறுமுனையில் பேசிய குருமூர்த்தி சார் மன்னிக்க.

2

முறையாக ஒரு தொடக்கம் போட்டும் பார்த்தேன்.

'பூமிக்கு அடியில், இருளின் மடியில், ஒரு சிவப்புப் பூட்டு தன்னந்தனியே…'

(நிறுத்திவிட்டேன். அங்கே இருள் கிடையாது, வரிசையாக விளக்கு எரிகிறது. போயிருப்பவர்கள் கரண்ட்டு வேலைக்காரர்கள்.)

'டெல்பினுக்குச் சிறுவயதிலிருந்தே மின்சாரத்தின் மீது…'

(சிறுவயதில் என்ன செய்தாளோ. பேருந்தில் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெல்பின் கிருஷ்ணகிரிப் பெண். மின்பொறியியல் கடைசி வருடம். பெங்களூரில் மெட்ரோ சுரங்கம் கட்டுகிற இடத்தில் இன்டர்ன்ஷிப். சுரங்கத்துக்குள் காற்றை ஓட்ட ஒரு ராட்சத விசிறி மாட்டியிருக்கிறார்கள். அதன் வயரிங்கில் பாதி இவள் கை பட்டது. திங்கட்கிழமைதான் முதன்முதலாகச் சுற்றவிடுவதாக இருந்தது. இவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று இன்றைக்கே மாற்றிவிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விசிறியில் கை வைக்கிறவர் முதலில் அதன் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். பூட்டோடு அவர் போட்டோவும் தொங்கும். வேலை முடிந்து வரும்போது அவரேதான் திறக்க வேண்டும், இன்னொருவர் கை படக்கூடாது. பூட்டுத் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். விசிறி சுற்றாது.

டெல்பின் மதியம் ஷிப்ட் முடிந்த கையோடு பேருந்தைப் பிடிக்க ஓடிவந்துவிட்டாள். சாவியும் கூடவே ஓடிவந்துவிட்டது.

3

அவள் போனில் சார்ஜ் இல்லை. (மின்பொறியியல். நான் எதுவும் சொல்லவில்லை.) பக்கத்து இருக்கை பூவம்மாள், ஓசூர் தாண்டியதும் இரக்கப்பட்டுத் தன் பவர் பேங்கைக் கொடுத்தாள். உயிர் வந்ததும் போன் அலறியது. மறுமுனையில் சைட் என்ஜினியர் குருமூர்த்தி. அவர் பேச்செல்லாம் என் கைச்சரக்கு. அவளுடையது கேட்டது கேட்டபடி.

"எங்கம்மா இருக்க? உள்ள எந்தப் பக்கம்?"

"சார், நான் உள்ள இல்ல. ஓசூர் தாண்டிட்டேன்."

"எந்த ஓசூரு?"

"நம்ம ஓசூர்தான் சார்."

"அப்ப இங்க சிரிச்சிட்டுத் தொங்கறது யாரு?"

"அது என் போட்டோ சார்."

"சந்து பொந்தெல்லாம் டார்ச் அடிச்சி உன் பேரச் சொல்லிக் கத்திட்டு இருக்கறம்."

"வாசப் பலகையில என் டோக்கன 'வெளிய' பக்கம் மாட்டிட்டுதான் சார் வந்தேன்."

"டோக்கன் வெளியங்குது, பூட்டு உள்ளங்குது. நான் பூட்டத்தான் நம்புவேன்."

"சாப்ட்டேன் சார்."

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. சாப்பிட்டேன் என்கிறாளே, அவர் என்ன கேட்டிருப்பார்? முதலில் இப்படி எழுதினேன்: "நீ நல்லா சாப்ட்டிருப்ப. நாங்கதான் பச்சத்தண்ணி குடிக்கல." நன்றாகத்தான் இருந்தது, படித்துப் பார்த்து நானே சிரித்தேன். ஆனால் அடுத்து அவள் சொன்னது என் குருமூர்த்தியைக் கவிழ்த்துவிட்டது.

"அழுவாதீங்க சார். நல்லாத்தான இருக்கேன்."

அவரை முழுக்க அடித்துத் திருத்த வேண்டும். நேரமில்லை, பேருந்து போய்க்கொண்டே இருக்கிறது.

4

பூட்டை வெட்டலாம். ஆள் வெளியே இருக்கிறார் என்று உறுதியானால் வெட்டலாம். ஆனால் பூட்டு வெட்டப்பட்டவருக்கு மறுபடி சுரங்கத்துக்குள் அனுமதி இல்லை.

"வெட்டாதீங்க சார். நானே வந்து தொறக்கறேன். ஆறு மணி வரைக்கும் விடுங்க."

பூவம்மாளுக்கு இது புரியவில்லை. "ஏங்கண்ணு, சாவிய கண்டக்டர்ட்ட குடேன். எதிர்ல வர்ற வண்டியில குடுத்து வுடுவாரு. எங்கூட்டுக்கு மாத்திரையே அப்பிடித்தான் வருது."

"என் கையாலதான் தொறக்கணும்க்கா."

"தாலி கட்டற மாதிரின்னு சொல்லு. ஆள அனுப்ப முடியாது."

"ஆமாங்க்கா."

"அப்ப எறங்கு. ஏம்ப்பா கண்டக்டரு, சூளகிரியில நிறுத்து."

"நிக்காதுங்க. பாலத்து மேல போற வண்டி."

"ஒரு உசுரு விஷயம்ப்பா."

"யாருக்கு?"

"இந்தப் பாப்பாவத்தான் சொரங்கத்துல தேடறாங்க."

"பாப்பா இங்க இருக்குதே."

"அதத்தான் நாங்களும் சொல்றம்."

கண்டக்டர் டெல்பினைப் பார்த்தார், பூவம்மாளைப் பார்த்தார், எதற்கோ என்னையும் பார்த்தார். பிறகு விசில் ஊதினார்.

5

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன்.

அவள் போய்ச் சேர்ந்து பூட்டைத் திறக்கிறாள், விசிறி சுற்றுகிறது, அதிகாரிகளின் சால்வைகள் பறக்கின்றன. (சால்வை எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றது ரொம்பச் சுலபம்.)

பெங்களூர் போகிற வழியில் அத்திப்பள்ளி நெரிசலிலேயே ஆறு மணி ஆகிவிடுகிறது. யாரோ கட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அவள் போட்டோவைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு…

(மாட்டேன்.)

குருமூர்த்தி தன் பூட்டையும் அவள் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, "நானுந்தான் உள்ள இருக்கறேன், இப்ப வெட்டுங்க பாக்கலாம்" என்று நிற்கிறார். அப்படிச் செய்கிற மனிதரா அவர்? என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய அழுகை மட்டும், அதுவும் அவள் சொல்லித்தான்.

6

டெல்பினைச் சூளகிரியில் இறக்கிவிட்டு எங்கள் பேருந்து கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிவிட்டது. பின்கண்ணாடி வழியே பார்த்தேன்: டெல்பின் பாலத்துக்குக் கீழே புகுந்து எதிர்ப்பக்கம் ஏறி, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டுகிறாள். "எனக்கே போயி ஏத்திவுட்டுட்டு வரலாம்னு இருக்குது" என்றாள் பூவம்மாள். எனக்கும்தான். ஆனால் நாங்கள் தப்பான திசையில் போகிறோம்.

நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் போகிறவரா? சூளகிரியில் நிறுத்துங்கள். முன் இருக்கையில் மாம்பழக் கூடை இருந்தால் பின்னால் தள்ளுங்கள். ஏறியதும் அவள் போன் அடிக்கும்; ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். குருமூர்த்தி உண்மையில் என்ன சொல்கிறார் என்று கேட்டு, நான் எழுதியதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது அப்புறம். முதலில் கியரை மாற்றுங்கள், ஆறு மணி ஆகப்போகிறது.