தேன் சொட்டிய எலுமிச்சை

“ஏடி ஃபைனா, நாக்கை நீட்டு.”

“எதுக்கு அக்கா?”

“நீட்டுன்னா நீட்டேன்.”

கீழ்வீட்டு ஃபைனா நாக்கை நீட்டினாள். கபித்தலீனா ஜன்னல் பலகையில் விரலைத் தேய்த்து அந்த விரலை அப்படியே அவள் நாக்கில் வைத்தாள்.

“என்ன தெரியுது?”

“இனிக்குது.”

“தேன்டி! என் மரம் தேன் சொட்டுது. இந்தத் தெருவுல யார் வீட்டு மரமாவது தேன் சொட்டிப் பார்த்திருக்கியா?”

ஃபைனா இன்னொரு முறை தானாகவே விரலை வைத்து நக்கிப் பார்த்தாள். தேன்தான். கையிலிருந்த தேநீர்க் கோப்பையின் விளிம்பிலும் கொஞ்சம் தடவிக்கொண்டாள்.

பாவ்லவா ஊரில் ஜன்னலில் எலுமிச்சை இல்லாத வீடு அபூர்வம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் ஓகா ஆறு கல்லாய் இறுகிக் கிடக்கும்; உள்ளே ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சள் மஞ்சளாய்ப் பழம் தொங்கும். ஆனால் மாடி வீட்டுக் கபித்தலீனாவின் மரம் சாதாரண மரம் இல்லை. முப்பத்தெட்டு வருஷத்து மரம். உச்சிக் கிளை கூரையில் முட்டி, வேறு வழி தெரியாமல் வளைந்து நிற்கும். அது நிற்கிற ஓக் மரத் தொட்டியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். பூட்டுத் தொழிற்சாலையில் அரம் பிடித்த அவள் புருஷன், காலமாகும் முன்னே அரத்தால் போட்டுவைத்த வெட்டு. அந்த வெட்டு எப்போதும் ஜன்னல் பக்கம்தான் இருக்க வேண்டும். தொட்டியைத் திருப்பினால் எலுமிச்சை கோபித்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாய் நிற்கும். இது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் முப்பத்தெட்டு வருஷமாக மரம் தெருவுக்கு முகத்தையும் கபித்தலீனாவுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றது. முதுகுப் பக்கத்தில் அவள் கைக்கு எட்டியவரை தடவி எண்ணினால் ஏழு பழம்.

“அக்கா, இது என்ன கடுதாசி? கண்ணாஸ்பத்திரின்னு போட்டிருக்கே.”

“அதை விடு. அவங்களுக்கு வேற வேலை இல்ல. எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது.”

“மூணாவது தடவையா தேதி குடுத்திருக்காங்களே. இந்தத் தடவை வரலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம்.”

“எடுத்துட்டுப் போகட்டும். டீயைக் குடிடி, ஆறிடும்.”

ஃபைனா டீயைக் குடித்தாள். குடித்துக்கொண்டே ஜன்னல் ஓரமாய் எட்டிப் பார்த்தவள், “அய்யய்ய!” என்றாள்.

“என்னடி?”

“எதிர்வீட்டு எர்மலாய். அவன் ஜன்னல்ல நின்னு உன்னைப் பார்த்துக் கையை ஆட்டுறான்.”

“என்னையா?”

“பின்னே என்னையா? ரெண்டு விரலை வேற இப்படி இப்படித் தேய்க்கிறான். இந்த வயசுல இவனுக்கு என்ன சேட்டை பாரேன்.”

கபித்தலீனாவின் முகம் சிவந்தது. எர்மலாயோடு அவள் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவனுடைய சண்டை வாத்து ஒருநாள் வாசலில் வைத்து அவள் கெண்டைக்காலைக் கடித்தது. அவள் கையிலிருந்த உறைந்த மீனாலேயே அதன் மண்டையில் ஒன்று போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்துச் சண்டையில், மூன்று வருஷமாய்த் தோற்காத அந்த வாத்து எதிராளியைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிட்டது. ஊரே சிரித்தது. அன்றோடு போயிற்று பேச்சு.

“என் மரம் தேன் சொட்டறது அவனுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. பொறாமை,” என்றாள் கபித்தலீனா. “காட்டறேன் இவனுக்கு.”

கனமான குளிர்காலத் திரையை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டி, மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டு ஒரே இழுப்பாய் இழுத்து மூடினாள்.

நாலு நாள் திரை மூடியே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் நடக்கும்போது காலடியில் சருகு நொறுங்கியது. குனிந்து தடவினாள். எலுமிச்சை இலை. இன்னொன்று. பக்கத்தில் இன்னும் இரண்டு.

தரையைத் தட்டிக் கூப்பிட்டாள். ஃபைனா மாவுக் கையோடு மேலே ஓடி வந்தாள்.

“ஃபைனா, இலை கொட்டுதுடி!”

“திரையை மூடி வெச்சா கொட்டாம என்ன செய்யும்? பிப்ரவரி வெயிலை நம்பித்தானே இருக்கு அது. திற முதல்ல.”

திறந்தார்கள். தெருவில், பனிக் குவியலின் மேல், எர்மலாய் நின்றுகொண்டிருந்தான். தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து ஆள் உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்திருந்தான். காலடியில் அந்த வாத்து.

“பாரு அக்கா, என்ன வெச்சிருக்கான்னு!”

“பார்க்கறேனே. என்ன அது? கதவா? எதுக்குக் கதவைக் கழட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்?”

ஃபைனா திரும்பினாள். கபித்தலீனாவின் முகத்தையே பார்த்தாள்.

“அக்கா. அது அட்டை. அதுல எழுதியிருக்கான். ஒவ்வொரு எழுத்தும் சட்டி அளவு.”

“ஓ.”

“உனக்குத் தெரியலையா?”

“கொஞ்சம் மங்கலா இருக்குடி.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷமா.” கபித்தலீனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “பால்ல முக்கின மாதிரி எல்லாமே வெள்ளையா இருக்கு. போதுமா? என்ன எழுதியிருக்கான், அதைச் சொல்லு.”

ஃபைனா படித்தாள். “‘மரத்துல பூச்சி. இந்தப் பக்கத்து இலை எல்லாம் கறுத்துப் போச்சு. திரை போடாதீங்க.’ கீழே பேரு போட்டிருக்கான்.”

கபித்தலீனா கையிலிருந்த சருகை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நீ தினம் இந்தத் தெருவுலதானேடி போற வர்ற? உன் கண்ணுல படலையா?”

“வழுக்குற தெருவுல நான் காலைப் பார்ப்பேனா, மாடியைப் பார்ப்பேனா? சரி, ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை? அதைச் சொல்லு.”

“போனா மூணு நாள் அங்க. வந்தா ரெண்டு வாரம் குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாதாம். மரத்துக்கு யார் தண்ணி விடுவா? நீயா? உன் கையில கள்ளிச்செடியே அழுகிச்சு.”

“அழுகிச்சு,” என்று ஒப்புக்கொண்டாள் ஃபைனா. “நான் போய் அவனைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம்!”

“மரம் வேணுமா, வீம்பு வேணுமா?”

கபித்தலீனா மரத்தின் பக்கம் திரும்பினாள். இன்னொரு இலை சத்தமில்லாமல் அவள் மடியில் விழுந்தது.

“வாத்து வரக் கூடாதுன்னு சொல்லு,” என்றாள்.

எர்மலாய் வந்தான். வாசலில் கம்பளி பூட்ஸைக் கழற்றினான், தொப்பியைக் கழற்றினான், விருந்தாளி மாதிரி நின்றான்.

“வணக்கம் அம்மா. நீங்க நல்லா இருக்கீங்களா?”

ஆறு வருஷத்துக்கு முன்னால் ‘நீ’ என்று கூப்பிட்டவன். கபித்தலீனாவுக்குச் சுருக்கென்றது.

“இருக்கேன். பூச்சி கீச்சின்னு எழுதியிருந்தீங்களாமே. என் மரம் தேன் சொட்டுது, தெரியுமா?”

எர்மலாய் ஜன்னல் பலகையைத் தொட்டான். விரலைத் தேய்த்தான், அன்றைக்கு அவன் ஜன்னலிலிருந்து தேய்த்துக் காட்டிய அதே மாதிரி. “விரல்ல ஒட்டுதான்னுதான் அன்னிக்கே கேட்டேன். இது தேன் இல்லைம்மா. செதில் பூச்சி. இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டுச் சாறைக் குடிக்கும். குடிச்சது மிஞ்சினா பின்பக்கமா விடும். அதுதான் இது.”

“பின்பக்கமான்னா?” என்றாள் ஃபைனா.

“பின்பக்கமான்னா பின்பக்கமாத்தான்.”

ஃபைனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் டீயில வேற தடவிக் குடிச்சேனே!”

கபித்தலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எர்மலாய் முதலில் தரையைப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்துவிட்டான். ஃபைனா மட்டும் சமையலறைக்கு வாய் கொப்பளிக்க ஓடினாள்.

“இலை ஒவ்வொண்ணையும் சோப்புத் தண்ணியில துடைக்கணும்,” என்றான் எர்மலாய். “பூச்சி அதிகமா ஜன்னல் பக்கம்தான். தொட்டியைத் திருப்பினாத்தான் கை போகும்.”

“திருப்பறதா! முப்பத்தெட்டு வருஷமாத் திரும்பாத மரம். அதுக்கு நீங்க என்னையே ஜன்னல் வழியாத் தூக்கிப் போடலாம்.”

எர்மலாய் மோவாயைச் சொறிந்தான். தொட்டியின் வெட்டைக் குனிந்து பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான், அறையின் நீளத்தைப் பார்த்தான்.

“திருப்ப வேண்டாம். பின்னாடி எடுப்போம்.”

“என்னது?”

“நேரா பின்னாடி. ஒரு மீட்டர். வெட்டு ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கும். நடுவுல நான் நின்னுக்கிறேன். பஸ் தொழிற்சாலையில முப்பது வருஷம் புது பஸ்ஸை ஓட்டிப் பார்த்தவன் நான். பின்னாடி எடுக்கறதுல ஒரு பஸ்ஸையும் நான் உரசினது இல்லை.”

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டான். தொட்டியைக் கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பி, அடியில் பழைய கம்பளி பூட்ஸ்களை நசுக்கிச் செருகினான். வழுக்கிக்கொண்டு வரும் என்றான். பிறகு எர்மலாய் ஜன்னல் பக்கம் புகுந்து தள்ள, கபித்தலீனா இந்தப் பக்கம் இழுக்க, ஃபைனா கோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“வா, வா, வா… இடது பக்கம் போகுது! கொஞ்சம் வலது… வரட்டும், வரட்டும்… போதும், நிறுத்து!”

மரம் ஒரு இலைகூட உதிர்க்காமல் ஒரு மீட்டர் பின்னால் வந்து நின்றது. வெட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

தொட்டி மண்ணின் மேல் சோப்பு சொட்டாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினார்கள். துணி சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தாள் ஃபைனா. எர்மலாய் ஜன்னல் பக்கம், கபித்தலீனா அறைப் பக்கம். அவளுக்கு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரல் தடவும்போது இலை நரம்பில் பரு மாதிரி இடறியதைத் துடைத்தால் போதும். கிளைகளுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். இரண்டு நாள் வேலை. இலைக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலேயே பேச்சு சுலபமாய் வந்தது.

“முள்ளு குத்துதா?”

“குத்தாம? உங்க மரமாச்சே.”

“உங்க வாத்து கடிச்சதை விடக் குறைச்சல்தான்.”

“அதைச் சொல்லாதீங்க. இன்னிக்கும் மீன் வாசனை வந்தா அது கட்டிலுக்கு அடியில போயிடுது.” கொஞ்ச நேரம் துணி தேய்க்கிற சத்தம். “இதோ, பெரியவன். செப்டம்பர்ல பட்டாணி அளவு இருந்தான். இப்ப பாரு, என் முஷ்டி அளவு.”

“எந்தப் பெரியவன்?”

“மேல் கிளையில இருக்கறவன். இந்தப் பக்கம் மொத்தம் நாலு பேர். உன் பக்கம் ஏழு. ஆக, பதினொண்ணு.”

கபித்தலீனாவின் கை நின்றது. “நாலா? எனக்குத் தெரியாம நாலு பழமா?”

“உனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் என் வீட்டைப் பார்த்துத்தானே காய்க்குது.”

“நீ எதுக்கு என் மரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கே?”

“என் ஜன்னல் வடக்கு. அங்க எலுமிச்சை நிக்காது. மூணு வெச்சேன், மூணும் போச்சு. என் வீட்டுக்காரி செத்துப்போன பிறகு, காலையில எந்திரிச்சா எனக்கு முகம் காட்டறது உன் மரம் ஒண்ணுதான்.”

“உனக்கு முகம். எனக்கு முதுகு,” என்றாள் கபித்தலீனா. கொஞ்சம் பொறுத்து, “தண்ணி எப்படி விடணும்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டாள்.

“பனியை உருக்கி, ஒரு ராத்திரி அடுப்புப் பக்கம் வெச்சு, விரல் விட்டா சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை?”

“இந்தக் குளிருக்கு வாரம் ஒண்ணு. மேல்மண் காயாம தண்ணி விடக் கூடாது.”

“சோப்பு மறுபடி?”

“பத்தாம் நாள் இன்னொரு தடவை. முட்டை பொரிச்சு வர்ற குஞ்சுப் பூச்சிக்கு.”

அந்தப் பக்கத்தில் பை துழாவுகிற சத்தம் கேட்டது. இலைகளுக்கு நடுவே ஒரு கை நீண்டது. அந்தக் கையில் வீட்டுச் சாவி இருந்தது.

“வாத்து படியேறக் கூடாது,” என்றது இலைக்கூட்டம்.

குளிர்காலத்தை வழியனுப்பும் திருவிழாவில் அப்பமும் வெண்ணெயுமாய் ஊரே மணக்கிற வாரத்தில் கபித்தலீனா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும்தான் அறுவை செய்திருந்தார்கள். அந்த ஒன்றே போதுமாயிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள்: கூரை விளிம்பில் சொட்டுகிற பனி, சொட்டை வாங்குகிற வாளி, வாளியின் பக்கத்தில் ஃபைனா.

“என்னடி இவ்வளவு சுருக்கம் உன் மூஞ்சியில?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? மேல வா அக்கா, மரம் எப்படி இருக்குன்னு பாரு.”

“மேலே வரலை. முதல்ல வேற இடத்துக்குப் போகணும்.”

தெருவைக் கடந்தாள். வாசலில் வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது, அவளை அடையாளம் கண்டது, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டது. கதவைத் திறந்த எர்மலாயின் கையில் சோப்புத் துணி. இப்போதுதான் அவள் வீட்டிலிருந்து வந்திருந்தான். ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கபித்தலீனா உட்கார்ந்து எதிரே பார்த்தாள்.

மாடியில், அவள் வீட்டு ஜன்னல் முழுக்க, பழைய இடத்துக்கே தள்ளி வைத்த அவள் மரம் நின்றது. இலையெல்லாம் கழுவித் துடைத்துப் பளபளத்தன. உச்சியில் புதுத் துளிர் விட்டிருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வெள்ளையாய் மொட்டு. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அது அவளுக்கு முகத்தைக் காட்டியது.

ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எர்மலாய்க்குப் பயம் வந்துவிட்டது.

“என்ன கபித்தலீனா, ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?”

அவள் விரலை நீட்டி, உதட்டை அசைத்து, மெதுவாய் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பக்கம் எத்தனைன்னு சொன்னே?”

“நாலு.”

“அஞ்சு! அதோ, கீழ்க் கிளையில, இலைக்குப் பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு. மொத்தம் பன்னிரண்டு!”

எர்மலாய் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“எங்க? எனக்குத் தெரியலையே.”

“தெரியாது,” என்றாள் கபித்தலீனா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. “ஆஸ்பத்திரி விலாசம் தரேன், போயிட்டு வா. வாத்தை நான் பார்த்துக்கிறேன்.”