ரேம் போடலாமா என்று யாரைக் கேட்பது?

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை மறைத்து, 'நாகல் நகரில் ஒரு மாலை' என்று நிதானமாகத் தொடங்கிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. என் பெயர் இசை. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். ஸ்டுடியோக்காரர் மிக்கேல்ராஜ் படங்களை அனுப்புவார். வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன். இப்போது பாலசமுத்திரத்துக் கல்யாணம் ஒன்று திறந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் முகம் வந்துவிட்டது, தாலி கட்டும் கை இன்னும் வரவில்லை. அது வரும்வரை இதைத் தட்டச்சு செய்கிறேன். நடுவில் வாக்கியம் அறுந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் ஒட்டவைக்கப் போவதில்லை.

"சனிக்கிழமைக்குள்ள குடுத்துருங்கக்கா. இல்லாட்டி மதுரைக்கு அனுப்பிருவேன், கோச்சுக்கிறாதீங்க" என்று மிக்கேல்ராஜ் சொல்லிவிட்டார். ஒருமுறை மதுரைக்குப் போன வேலை திரும்பி வராது.

2

முதல் தொடக்கம்: என் கணவர் முத்துக்கிருஷ்ணன் ஒரு கொடுமைக்கார

[அடித்துவிட்டேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. எனக்கு வேலை நெருக்கும் நாளில் குழம்பும் வெஞ்சனமும் அவர்தான் செய்வார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபம்.]

இரண்டாவது தொடக்கம்: நேற்று இருவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் வேகமாக ஓட இன்னொரு ரேம் போடலாமா என்று கேட்டது நான். கடைக்காரர் பொம்மையன் பேசியது என் கணவரிடம்.

"வீட்ல எதுக்கு சார் யூஸ் பண்றீங்க?"

"சும்மாதான். பாட்டு கேப்போம், கரண்டு பில்லு கட்டுவோம்."

"நான் ஆல்பம் டிசைன் பண்றேன்" என்றேன்.

"மேடம் போட்டோ பாப்பாங்களோ?" என்று பொம்மையன் மறுபடி அவரையே கேட்டார்.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர் வெளியே ஒரு காக்கையைக் காட்டி நகர்ந்துவிடுவார். நான் நகர மாட்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது.

3

பொம்மையன் பக்கத் தகட்டைக் கழற்றினார். ரேம் செருக இரண்டு இடம், ஒன்று காலி. "இன்னொன்னு செருகுனாப் போதும் சார்" என்று டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலி இடத்துக்குள் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. அதன்மேல் குங்குமம்.*

(* ஆயுத பூஜைக்கு மற்ற வீடுகளில் மானிட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். என் கணவர் வருஷா வருஷம் திறந்து உள்ளே வைத்திருக்கிறார். "உசுரு உள்ளதான இருக்கு" என்பது அவர் விளக்கம்.)

சுரண்டிப் பார்த்தும் புது ரேமை அந்த இடம் ஏற்கவில்லை. "இது போச்சு சார். பழசக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணுதான் போடணும்" என்றார் பொம்மையன்.

சந்தனம் வைத்தது என் கணவர். வெட்கப்பட்டதும் அவர். முடிவெடுத்ததும் அவரே. "அம்புட்டுத் தேவையில்ல. இருக்கிறதே ஓடும். போவமா இசை?"

"பாட்டு ஓடும். என் வேலை ஓடுமா?" என்று கேட்டேன். கடையில் நின்ற அத்தனை பேரும் பதிலுக்காக அவர் முகத்தைப் பா

4

முடிவுகளைப் பார்ப்போம். ஒன்று: சனிக்கிழமை வருகிறது, ஆல்பம் முடியவில்லை, வேலை மதுரைக்குப் போகிறது. படிப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு உச்சுக் கொட்டல் வேண்டாம், என் தொழில் வேண்டும்.

இரண்டாவதை என் கணவரே கொடுத்தார். காப்பியோடு வந்தவர் என் பின்னால் நின்று இதுவரை படித்தார்.

"என்னயச் சந்தனத்தோட விட்டுட்டியே. கடைசில நானே ரேம் வாங்கிக் குடுத்த மாதிரி எழுதிரு. படிக்கிறவங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

"என் சம்பாத்தியத்துல நான் வாங்குனா நிம்மதியா இருக்காதா?"

"அதுக்கில்ல இசை..."

காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுக்கில்ல என்றால் எதுக்கு என்பதை இந்தக் கதையில் யாரும் சொல்லவில்லை.

5

இத்தோடு அணைக்கிறேன். வயர்களைக் கழற்றி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவேன். பெரிய ரேம் கேட்பேன். பொம்மையன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா மேடம்?" என்பார். வேறு வசனம் எழுதிப் பார்த்தேன், அவர் வாயில் நிற்கவில்லை.

அதற்கு நான் சொல்லும் பதில்தான் முடிவு. அந்நேரம் கம்ப்யூட்டர் திறந்து கிடக்கும், என்னால் எழுத முடியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். "அவர் ஊருக்குப் போயிருக்கார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.