குறட்டைக்கு யார் சம்மதித்தது?

நாத்தனார் போனில் சிரித்த சிரிப்பில் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணி, நான் அனுப்பின வீடியோவைப் பாருங்க. எங்கண்ணன் உலகப் புகழ் அடைஞ்சுட்டாரு!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரிக்கப் போய்விட்டாள்.

பார்த்தேன். தூங்கும்போது நம் மூச்சைப் பதிவுசெய்து, காலையில் தூக்கத்துக்கு மார்க் போடும் செயலி ஒன்றின் விளம்பரம் அது. இருட்டுத் திரையில் ஒரு குறட்டை மாவு மிஷின் மாதிரி ஏறி இறங்கியது. அதன் மேல் ஒரு பெண் குரல் குழைந்தது: "என் பட்டுக்குஞ்சு, கொஞ்சம் திரும்பிப் படுடா."

அந்தப் பெண் நான்தான்.

நான் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'இடி'. காலையில் ஒலிபெருக்கியில் 'வரிசை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மைதானமே கப்சிப் ஆகிவிடும். விடுமுறை முடியப்போகிறது. அதற்குள் எவனாவது ஒருவன் இந்த வீடியோவைக் கேட்டுக் குரலை அடையாளம் கண்டுவிட்டால், அப்புறம் நான் வரிசை என்றால் மைதானம் பட்டுக்குஞ்சு என்று பதில் சொல்லும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட்களைச் சோதிக்கிற அதிகாரி. ஒரு திருகாணி தளர்ந்திருந்தால்கூட லிஃப்டை ஓடவிடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், போனில் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவார். அவர் குறட்டையை நான் சொல்லிக் காட்டாத நாளே கிடையாது. அந்தத் தொல்லை தாங்காமல்தான் இந்தச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டார்.

வீடியோவைக் காட்டினேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டவர், திடீரென்று மீசையை முறுக்கினார். "என் கொறட்டை! என்ன கம்பீரம் பாத்தியா?"

"என் மானம் கப்பலேறுது, உங்களுக்குக் கம்பீரமா?"

"உன் மானத்துக்கு என்ன? கொறட்டை விட்டது நான். நீ கொஞ்சத்தானே செஞ்சே?"

அத்தோடு விட்டாரா? தங்கைக்குப் போன் போட்டு, "அது என் கொறட்டைதான், சந்தேகமே வேணாம்" என்று பெருமை வேறு.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன் என்று ஊரே நினைக்கிறது. நிஜமான கோபம் வந்தால் நான் உட்கார்ந்து படிப்பேன். செயலியின் விதிமுறைகளை வரி வரியாகப் படித்தேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்தேன். பிறகு அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரியை லைனுக்கு வரவழைத்தேன்.

"மேடம், சார் சம்மதம் கொடுத்திருக்காரே" என்றார் அவர், தேன் ஒழுக.

"அவர் குரலுக்கு அவர் குடுக்கலாம். என் குரலுக்கு அவர் எப்படிங்க குடுப்பார்? நான் உங்க செயலியைத் தொட்டதே இல்ல. அதுவும் போகட்டும், 'விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்'ங்கற கட்டத்துல நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வெச்சிருக்கீங்க. சட்டப்படி அது சம்மதமே கிடையாது. அப்படியே குடுத்திருந்தாலும், எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாம்."

"மேடம் வக்கீலா?"

"ஹெட்மிஸ்ட்ரஸ்."

"ஓ" என்றார். மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு இங்கேயே தெரிந்தது.

"விளம்பரத்தை எடுங்க. என் குரல் இருக்கற எல்லாப் பதிவுக்கும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்க. அப்புறம் உங்ககிட்ட இருக்கறதை அழிங்க. மூணுமே என் உரிமை."

சாயங்காலமே விளம்பரம் காணாமல் போனது. கூடத்தில் நான் ஒரு சுற்று ஆடியேவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரர் கைதட்டித் தாளம் போட்டார். ஆனால் பிரதி என்றதும் அவர் முகம் மாறியது.

"அதெல்லாம் எதுக்கு? அழிக்கச் சொல்லிட்டு விட்டுடேன்."

பதிவுகளில் அவர் குரலும் இருப்பதால் அவருடைய சம்மதமும் வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து கேட்டிருந்தார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒரு சம்மதப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். தலையைச் சொறிந்தார். "குடுத்துத்தான் ஆகணுமா?"

"உங்க இஷ்டம். இஷ்டப்பட்டுக் குடுத்தாத்தான் அதுக்குப் பேரு சம்மதம்."

பெருமூச்சு விட்டு அழுத்தினார்.

பதிவுகள் வந்தன. விளம்பரத்துக்கு எடுத்த இடத்தில் அதிகாரி குறிப்புப் போட்டிருந்தார். அங்கிருந்து கேட்டேன். அதே மாவு மிஷின். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு என் வீட்டுக்காரரின் குரல்: "அடேயப்பா! நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை என்ன பாடு படுது பாரு." போர்வையை இழுத்துவிடும் சத்தம். "தூங்கு கண்ணு." குறட்டை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் விழித்துக்கொண்டு பேசுகிறார் என்றால், அதை விட்டுக்கொண்டிருந்தது நான். என் கொஞ்சலை வேறொரு ராத்திரியிலிருந்து வெட்டி எடுத்து அதன் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

சமையலறைக்குப் போனேன். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"கேட்டுட்டியா?"

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரியாத் தூங்கமாட்டே. எனக்கென்ன, நானும்தான் விடுறேன். ரெண்டு பேர் பழியையும் ஒருத்தன் சுமந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவரைக் கட்டிக்கொண்டேன், சட்டையெல்லாம் ஈரம். அப்புறம் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "ஏய், வேணாம், விடு" என்று அவர் ஈரத் துணியோடு தடுக்க வந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

"அந்த வீடியோவுல வந்த கொறட்டை உங்கண்ணனோடது இல்லம்மா. அம்புட்டும் என்னோடது. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ. இதுக்கு என் சம்மதம் உண்டு."