வெள்ளப் புத்தகம்

அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில் சேறு இன்னும் காயவில்லை. காளியம்மா குனிந்து மண்வெட்டியால் அதை வாசலுக்கு வழித்துத் தள்ளினாள். தள்ளத் தள்ள உள்ளேயிருந்து மறுபடி கசிந்து வந்தது.

“விடும்மா. யாரு பார்க்கப் போறா,” என்றார் சீனி மாமா.

“நான் பார்க்கிறேன்ல.”

அம்மாவின் தம்பியான அவர் நீர்மாலைக்குக் குடம் தேடிக்கொண்டிருந்தார். பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றில் தண்ணீர் முகந்து, மேலே வேட்டியை விரித்துப் பிடித்து, பறையோடு கொண்டுவர வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடங்கள் எல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தன. கடைசியில் யாரோ ரப்பர்ப் பால் வாளி ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்கள்.

“எந்தத் தண்ணி மாமா?”

“ஆத்துத் தண்ணிதான். வேற என்னா.”

“அவரக் கொன்ன தண்ணியில அவரயே குளிப்பாட்டுவீங்களா?”

மாமா வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“பைப்புல புடிங்க.”

“பைப்பு எங்க இருக்கு?”

அது வேரோடு பிடுங்கிய மரவள்ளி போல வாசலில் கிடந்தது.

மேலே மலைக்காட்டை வெட்டிச் எண்ணெய்க்குச் செம்பனை நட்டதிலிருந்து இப்படித்தான். ஆண்டுக் கடைசியில் வரும் மழை நினைத்த மாதத்தில் வந்தது. ஆறு லயத்துக்குள் ஏறியது. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்ததும் காளியம்மா ஈப்போ நகரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே புந்தோங் பகுதியில் ஓர் அறை. வந்துவிடுங்கள் என்று அப்பாவைக் கெஞ்சுவாள்.

“நீ அந்தப் புத்தகத்தப் படிச்சியா?” என்பார் அப்பா பத்துமலை. “மொதல்ல அதப் படி. அப்புறம் பேசு.”

அட்டை போன நாவல் அது. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. லயத்தில் வெள்ளப் புத்தகம் என்றார்கள். காடு அழிகிறது, பருவம் தப்புகிறது, ஆறு ஊருக்குள் வருகிறது. ஊர் போகமாட்டேன் என்கிறது. தோட்டத்து அலுவலகக் கிராணி ஜெயபாலன் கொடுத்தது. அப்பா படித்துவிட்டுப் பார்க்கிறவரிடமெல்லாம் படி படி என்றார். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். ஒரு தீபாவளி விடுமுறையில் அவளும் படித்து முடித்தாள். அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை.

இந்த முறை எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அப்பா மட்டும் கட்டிக் கிடந்த பசுவை அவிழ்க்க இறங்கிப் போனார். பசு அதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு கரையேறியிருந்தது. இப்போது வேலியோரம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஜெயபாலன் வந்தார். சட்டையில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. பிணத்தைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“பத்துமலை அண்ணன் கடைசி வரைக்கும் சொன்னது ஒரே புத்தகம். எல்லாரும் கட்டாயம் படிக்கணும். மனுசன் எதையும் தாங்குவான்னு அதுல இருக்கு. அதுக்கு அண்ணனே சாட்சி.”

காளியம்மா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள்.

“ஐயா, அதுல மாட்ட அவுக்கப் போவானே ஒருத்தன். அவன் என்னா ஆனான்?”

அவர் அவளைப் பார்த்தார். “கன்னுக்குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுக் கரையேறுவான்.”

“எங்கப்பாவும் அதத்தான் படிச்சாரு.”

ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினார்.

“அது கதைம்மா.”

“இப்ப சொல்றீங்க.” அவள் குரல் உயரவில்லை. “தாங்குனாரு தாங்குனாருன்னா, யாரு தாங்கச் சொன்னா? மலைய வெட்டுனவங்களுக்கு ஏதாச்சும் புத்தகம் குடுத்தீங்களா? மேனேஜருக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம்ல.”

“மேனேஜருக்குத் தமிழ் தெரியாதுலா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“அப்ப நீங்க படிச்சுச் சொல்லுங்க,” என்றாள் காளியம்மா. “அவரு வீடு மாதிரி உங்க வீடும் மேட்டுலதானே இருக்கு.”

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் புத்தகம் கெடச்சா அண்ணனோட சவப்பெட்டியில வச்சிரலாம்,” என்று மாமாவிடம் மெல்லச் சொன்னார்.

அது அம்மாவிடம் இருந்தது. விடிந்ததிலிருந்து வாய் திறக்காத இருளாயி, தண்ணீர் குடித்து ரொட்டி போல உப்பிய புத்தகத்தை மடியில் வைத்து, ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

காளியம்மா அருகில் போய்க் குந்தினாள்.

“அத அவரோடயே அனுப்பிரும்மா. காரியம் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போலாம். அறை சின்னதுதான். ஆனா மாடியில இருக்கு.”

இருளாயி இன்னொரு தாளைப் பிரித்தாள். முந்தானையால் ஒற்றினாள். பிறகு புத்தகத்தை மூடி மகளிடம் நீட்டினாள்.

“இத மேல எடுத்து வை. அடுத்த மழைக்கு நனஞ்சிரும்.”

காளியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். அம்மா அதற்குள் பசுவின் பக்கம் திரும்பியிருந்தாள்.

புத்தகம் கனத்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே பறை தொடங்கியது. ஜன்னல் வழியே, மாமா பால் வாளியோடு ஆற்றுக்கு இறங்குவது தெரிந்தது.

சுவரில் சேற்றுக்கோடு அலமாரியைத் தாண்டி, சாமிப் படங்களைத் தாண்டி, விட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டிப் போயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். அதற்கு மேலே கூரைத் தகரம்தான் இருந்தது.